செருப்புத் தடம் என்ன சொல்லும், என்ன சொல்லாது? எல்லைத் தோட்டங்களில் காலடிச் சாட்சியம்

"சம்பவ இடத்தில் கிடைத்த செருப்புத் தடம், பிடிபட்டவரின் செருப்போடு ஒத்துப்போனது." தமிழக-கேரள எல்லையில் உள்ள குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வட்டாரத்தில் ஏலக்காய்த் திருட்டோ வீடு புகுந்த திருட்டோ நடந்து ஆள் பிடிபட்டால், செய்தியில் இப்படி ஒரு வரி வருவதுண்டு. படிப்பவர்களில் பாதிப் பேர் வழக்கு அதோடு முடிந்தது என்று நினைக்கிறார்கள். மீதிப் பேர், "எங்க லயத்துல எல்லார் காலிலும் அதே செருப்புதானே கிடக்கு?" என்று கேட்கிறார்கள். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்.

இரண்டு பக்கமும் பாதி உண்மை இருக்கிறது. சிக்கல் "ஒத்துப்போனது" என்ற சொல்லில்தான். ஒரே வகைச் செருப்பு என்றாலும் அதைத்தான் எழுதுகிறார்கள். அதே செருப்பு என்றாலும் அதைத்தான் எழுதுகிறார்கள். அந்த ஆள்தான் வந்தார் என்று சொல்லவும் அதே சொல்தான் வருகிறது. இந்த மூன்றுக்கும் நடுவே உள்ள தூரம் மிகப் பெரிது. ஒருவர் சிறைக்குப் போவதும் வீட்டுக்குத் திரும்புவதும் அந்தத் தூரத்தில் தீர்மானமாகலாம்.

## வெறுங்கால் வேறு, செருப்பு வேறு

வெறுங்கால் தடத்தில் பதிவது உடம்பு. கைவிரலில் இருப்பது போலவே உள்ளங்காலிலும் ரேகைகள் உண்டு. அவையும் ஆளுக்கு ஆள் மாறும், ஆயுள் முழுக்க மாறாமல் இருக்கும். வழவழப்பான டைல்ஸ் தரையில் ஈரக்காலோ ரத்தம் பட்ட காலோ தெளிவாகப் பதிந்து ரேகைகள் தெரிந்தால், அதைக் கைரேகை போலவே ஒப்பிடலாம். அது வலுவான சாட்சியம்.

சேற்றிலும் மணலிலும் ரேகை விழாது. பாதத்தின் புறவடிவம்தான் கிடைக்கும்: பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் உள்ள இடைவெளி, பாதத்தின் வளைவு, குதிகாலின் அகலம், ஆழமாக இருந்தால் பித்தவெடிப்பு. இவை உதவும், ஆனால் நிலையானவை அல்ல. ஒரே ஆள் நின்றால் ஒரு நீளம், நடந்தால் ஒரு நீளம், ஓடினால் வேறொரு நீளம். தலையில் மூட்டையோடு ஏலத்தோட்டச் சரிவில் இறங்கினால் விரல்கள் மண்ணைக் கவ்விப் பிடித்து, தடமே வேறு உருவம் எடுத்துவிடும்.

செருப்புத் தடத்தில் பதிவது ஒரு பொருள். ஆகவே அங்கே கேள்வி இரண்டாகப் பிரிகிறது. இந்தத் தடத்தை விட்டது இந்தச் செருப்புதானா? அந்த நேரத்தில் அந்தச் செருப்பு யார் காலில் இருந்தது? முதல் கேள்விக்குத்தான் ஆய்வுக்கூடம் பதில் சொல்லும். இரண்டாவதற்கு வேறு சாட்சிகள் வேண்டும். லயத்து வாசலில் கிடக்கும் செருப்பை அவசரத்துக்கு யாரும் மாட்டிக்கொண்டு போவது அன்றாடம் நடப்பது. பல செய்திகள் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பதே இல்லை.

## வகை, தேய்மானம், தழும்பு

தடத்தை ஆராய்பவர் மூன்று அடுக்குகளாகப் பார்க்கிறார்.

1. வகை அடையாளம். அடிப்பாகத்தின் கோலம், அளவு, தயாரிப்பு முறை. தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும்போதே இருப்பவை இவை. ஆயிரக்கணக்கான ஜோடிகளுக்குப் பொதுவானவை.

2. தேய்மானம். சிலர் குதிகாலின் வெளி ஓரத்தை அழுத்தி நடப்பார்கள், சிலர் பெருவிரலடியை. நாள்பட அந்த இடம் மழுங்கும். கூட்டத்தைக் குறைக்க இது உதவும். ஒருவரைத் தனியே பிரித்துக் காட்டாது.

3. தழும்பு. கண்ணாடிச் சில்லு கீறியது, முள் துளைத்தது, கல் சிக்கியது, கிழிந்தது, தைத்தது. இவை தற்செயலாக விழுபவை. ஒரு வெட்டு எந்த இடத்தில், எந்தச் சாய்வில், என்ன நீளத்தில் இருக்கிறது என்பது இன்னொரு செருப்பில் அப்படியே அமைவது அரிது. இப்படிப் பல தழும்புகள் சேர்ந்து ஒத்துப்போனால்தான் "இதே செருப்பு" என்ற பேச்சுக்கே இடம்.

இந்த வேறுபாடு நமக்குப் புதிதல்ல. குமுளிக்கு மேலே, இரு மாநில எல்லையில் இருக்கும் மங்கலதேவி கோயிலுக்குச் சித்ரா பௌர்ணமியன்று ஏறிப் போகிறவர்கள் யாரை வணங்குகிறார்கள்? காலில் அணியும் ஒரு பொருளை வைத்துத் தவறாகக் கொடுக்கப்பட்ட தீர்ப்பை எதிர்த்து நின்ற பெண்ணை. கோவலன் கையில் இருந்த சிலம்பும் அரசியின் சிலம்பும் வெளித்தோற்றத்தில் ஒன்று போல இருந்தன. அது வகை அடையாளம். உள்ளே ஒன்றில் முத்து, மற்றதில் மாணிக்கம். அது தனி அடையாளம். உடைத்துப் பார்க்க வேண்டியதை உடைக்காமலேயே தண்டனை கொடுத்துவிட்டார்கள். செருப்புத் தடத்தில் இன்றும் நடக்கக்கூடிய பிழை அதேதான்.

## ஒரு ரப்பர் செருப்பைக் கவிழ்த்துப் பார்த்தால்

எல்லைப் பகுதியில் அதிகம் கிடைப்பது ஷூ தடம் அல்ல. மழைக்காலத்தில் அட்டைக்குப் பயந்து போடும் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ், மற்ற நாளில் வார் வைத்த ரப்பர் செருப்பு. கோட்டயத்து பாரகன் செருப்பும் கோழிக்கோட்டுச் செருப்புகளும் மலையின் இரு பக்கமும் விற்கின்றன. தேனி மாவட்டத்திலிருந்து விடிகாலையில் ஜீப்பில் மலையேறும் தோட்டத் தொழிலாளர்கள் அதே கடைத்தெருக்களில்தான் வாங்குகிறார்கள். ஆகவே இங்கே வகை அடையாளத்தின் மதிப்பு மிகக் குறைவு. இத்தாலியில் செய்த விலையுயர்ந்த ஷூ ஒன்றின் தடம் 1994-ல் அமெரிக்காவில் ஓ.ஜே. சிம்ப்சன் வழக்கில் கிடைத்தபோது, அந்த மாதிரியே அபூர்வமாக இருந்ததால் வகை அடையாளமே பெரிய செய்தியானது. குற்றவியல் வழக்கில் அவர் விடுதலையானார். பின்னால் நடந்த உரிமையியல் வழக்கில், அதே மாதிரி ஷூவை அவர் போட்டிருந்த பழைய புகைப்படங்கள் முன்வைக்கப்பட்டன. தீர்ப்பு அவருக்கு எதிராகப் போனது. எல்லோரும் ஒரே செருப்பு போடும் ஊரில் அந்தத் தர்க்கத்தை அப்படியே பொருத்த முடியாது.

ஆனால் எளிய ரப்பர் செருப்பு வேறு வகையில் பேசும். அச்சில் ஊற்றி வார்க்கும் செருப்பில் கோலம் ஒவ்வொரு ஜோடியிலும் ஒரே இடத்தில் இருக்கும். பழைய முறை ரப்பர் செருப்பு அப்படியல்ல. கோலம் போட்ட பெரிய ரப்பர் ஷீட்டிலிருந்து கால் வடிவக் கத்தியால் வெட்டி எடுப்பார்கள். கத்தி ஷீட்டில் கொஞ்சம் முன்பின்னாக விழும். அதனால் ஒரு செருப்பின் நுனியில் கட்டம் பாதியில் அறுந்திருக்கும், இன்னொன்றில் முழுதாக இருக்கும். புதுச் செருப்பிலேயே ஜோடிக்கு ஜோடி வேறுபாடு தொடங்கிவிடுகிறது.

பிறகு ஊக்கு. வார் துளையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தால் என்ன செய்வோம்? வாரின் குமிழைத் திரும்பத் துளைக்குள் செருகி, அடியில் ஒரு ஊக்கைக் குறுக்கே மாட்டுவோம். அந்த ஊக்கு ஈரமண்ணில் ஒரு சின்னக் கோடாகப் பதியும். எந்தத் துளை, ஊக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அதன் தலை எங்கே என்பதெல்லாம் தழும்பு வகையைச் சேர்ந்தவை. சாலையோரத்தில் தைத்து வாங்கிய தையலும், ஆணி அடித்த அடிப்பாகமும் அப்படியே. 1786-ல் ஸ்காட்லாந்தில் நடந்த கொலை வழக்கில், சதுப்பு மண்ணில் பதிந்திருந்த ஆணித் தடமும் ஒட்டுப்போட்ட அடிப்பாகமும்தான் ஆளைக் காட்டின. காலணித் தடத்தால் துலங்கிய பழைய வழக்குகளில் அதுவும் ஒன்று. தடயம் என்று வரும்போது, ஏழை போட்டிருக்கும் பழுதுபார்த்த செருப்பு புத்தம்புது ஷூவைவிடத் தெளிவாகப் பேசும். அது அவரைச் சிக்க வைக்கவும் செய்யும். தழும்பு ஒத்துப்போகாவிட்டால் காப்பாற்றவும் செய்யும்.

## சேற்றிலிருந்து அச்செடுப்பது

தடத்தின் மதிப்பில் பாதி, அதை எடுத்த விதத்தில் இருக்கிறது. ஒழுங்கான முறை இதுதான்.

முதலில் புகைப்படம். கேமரா முக்காலியில், தடத்துக்கு நேர் மேலே, லென்ஸ் செங்குத்தாகக் கீழே பார்க்க வேண்டும். சாய்வாக எடுத்தால் அளவு பொய்யாகிவிடும். அளவுகோலைத் தடத்தின் அடிமட்டத்துக்கு இணையாக வைக்க வேண்டும். மேட்டில் வைத்தால் நீளம் தப்பாக வரும். விளக்கைத் தாழ்வாகச் சாய்த்து, ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் மாற்றி மாற்றி அடித்து எடுக்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் தெரியாத கீறல் சாய்ந்த வெளிச்சத்தில் நிழலாக எழும்பும். கைபேசியில் நின்றபடி எடுத்த ஒரே படம், தடம் இருந்தது என்பதைக் காட்டும், ஒப்பிடப் பயன்படாது.

அடுத்து வார்ப்பு. முன்பு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலந்து ஊற்றினார்கள். அது எளிதில் உடையும், கழுவும்போது நுண்ணிய கோடுகள் போய்விடும். இப்போது பல் மருத்துவர்கள் பல்லின் மாதிரி வார்க்கப் பயன்படுத்தும் டென்டல் ஸ்டோன் என்ற கடினமான ஜிப்சம் பொடிதான் சிறந்தது. ஒரு கிலோ பொடிக்கு ஏறத்தாழ 300 மில்லி தண்ணீர். தோசை மாவுப் பதம் வர வேண்டும். தடத்தின் நடுவில் ஊற்றக்கூடாது, விழும் வேகத்தில் சேறு கலைந்துவிடும். பக்கத்தில் ஊற்றி, அது தானாக வழிந்து உள்ளே போகும்படி விட வேண்டும். தடம் விழுந்த பிறகு உதிர்ந்த இலையை மெல்ல எடுக்கலாம். தடத்தோடு சேர்ந்து மண்ணில் அழுந்திய குச்சியைப் பிடுங்கக்கூடாது, அது தடத்தின் பகுதி.

குறைந்தது அரை மணி நேரம் இறுக வேண்டும்; மலைக் குளிரில் இன்னும் கூடுதலாக. எடுத்த உடனே தேய்த்துக் கழுவினால் வேலை கெட்டது. ஒன்றிரண்டு நாள் காற்றில் காயவிட்டு, பிறகே மண்ணை நீக்க வேண்டும். இறுகும் முன்பே பின்பக்கத்தில் தேதி, வழக்கு எண், எடுத்தவர் கையொப்பம் கீறியிருக்க வேண்டும். பின்னாளில் நீதிமன்றத்தில் "இது அந்த வார்ப்புதானா?" என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இடுக்கிப் பக்கம் பெய்யும் மழையில் இதெல்லாம் நடக்க வேண்டுமானால், காவலர்கள் வருவதற்குள் யாராவது தடத்தைக் காப்பாற்றியிருக்க வேண்டும். அன்னக்கூடை, பிளாஸ்டிக் பேசின், வாளி என எது கையில் கிடைத்தாலும் விளிம்பு தடத்தில் படாதபடி கவிழ்த்து வைக்கலாம். பிளாஸ்டிக் தாளை நேரே மேலே விரித்தால் தண்ணீர் தேங்கி அழுத்தி, தடம் போய்விடும். கூட்டம் கூடி வேடிக்கை பார்ப்பதுதான் நம்மூரில் தடத்துக்கு முதல் எதிரி.

உலர்ந்த தூசித் தடத்துக்கு வேறு வழி உண்டு: மின்னேற்றம் கொடுத்த கறுப்புப் படலத்தில் தூசியை அப்படியே ஒட்டவைத்து எடுப்பார்கள். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் சிமென்ட் தரையில் இது நன்றாக வேலை செய்யும். மங்கிய ரத்தத் தடத்தை வேதிப்பொருள் தெளித்துத் தெரியவைப்பார்கள்.

வீட்டுக்காரர், வேலையாள், முதலில் வந்த காவலர் ஆகியோரின் செருப்புகளையும் படியெடுத்து, அவர்களின் தடங்களை விலக்கியாக வேண்டும். அது நடக்கவில்லை என்றால் மிச்சமிருக்கும் தடம் அந்நியனுடையது என்று சொல்ல ஆதாரமே இல்லை.

## அறிக்கையில் வரும் சொற்கள்

காலணித் தடத்துக்கு அமெரிக்க நிபுணர் குழு ஒன்று வகுத்த முடிவு அளவுகோலில் ஏழு படிகள் உண்டு. "ஒப்பிடப் போதிய விவரமில்லை" ஒரு கோடி, "இதே காலணி" மறு கோடி. நடுவே "வகை அடையாளம் மட்டும் ஒத்துப்போகிறது", "வலுவான தொடர்பு" போன்றவை. "விலக்கப்படுகிறது" என்ற முடிவும் உண்டு. கோலமோ அளவோ தெளிவாக வேறு என்றால் அந்தச் செருப்பு இந்தத் தடத்தை விடவே இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். விலக்குவதில் இருக்கும் உறுதி, சேர்ப்பதில் இல்லை. இந்தத் துறையைப் பற்றி ஒன்றே ஒன்றை நினைவில் வைக்க வேண்டுமானால் அது இதுதான்.

மேல்முனை முடிவுக்கும் கேள்வி இருக்கிறது. தழும்புகளைக் கொண்டு "இதே ஷூ" என்று சொல்வது எவ்வளவு துல்லியம் என்பதை அளந்த போதுமான ஆய்வுகள் இல்லை என்று, அமெரிக்க அதிபரின் அறிவியல் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு 2016-ல் எழுதியது. அதற்கு முன் 1980-களில், மானுடவியலாளர் லூயிஸ் ராபின்ஸ், எந்த ஷூவையும் யார் போட்டது என்று தேய்மானத்தை வைத்தே சொல்வேன் என்று அங்கே பல வழக்குகளில் சாட்சி சொன்னார். அவருடைய முறைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று சக நிபுணர்கள் பின்னர் நிராகரித்தார்கள். அதற்குள் அவருடைய சாட்சியத்தால் பலர் சிறையில் வாடியிருந்தார்கள்.

செய்தியில் "ஒத்துப்போனது" என்று பார்த்தால் கேட்க வேண்டியது: எந்தப் படியில் ஒத்துப்போனது? எத்தனை தழும்புகள்? ஒத்துப்போகாதவை ஏதாவது இருந்தனவா?

## உயரம், நடை, மோப்பம்

பாத நீளம் ஒருவர் உயரத்தில் ஏறத்தாழ 15 சதவீதம். இதை வைத்து உயரத்தை மதிப்பிடலாம், சில சென்டிமீட்டர் முன்பின்னாக. தேடும் திசையைக் குறுக்க அது போதும். தடங்களுக்கு இடையிலான தூரமும் ஆழமும் நொண்டினாரா, சுமை தூக்கினாரா என்று ஊகிக்க உதவும்.

அனுபவத்தால் தடம் படிக்கும் திறமையைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. புழுதியில் இருக்கும் மெல்லிய கோட்டைப் பார்த்துப் பாம்பு எந்தப் பக்கம் போனது என்று சொல்லும் இருளர்கள் செங்கல்பட்டுப் பக்கம் இருக்கிறார்கள். மாடு காணாமல் போனால் குளம்படி பார்த்துப் போய், துப்புக்கூலி கொடுத்து மீட்ட வழக்கம் மதுரைச் சீமையில் இருந்தது. தேடிப் போக அது அருமையான அறிவு. ஒருவரைத் தண்டிக்க, அந்த அறிவை இன்னொருவர் சோதித்துப் பார்க்கும் வடிவில் வைக்க வேண்டியிருக்கிறது. மோப்ப நாய்க்கும் இதே நிலைதான். ஆந்திரத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2001-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: விசாரணைக்கு நாயைப் பயன்படுத்தலாம், ஆனால் அதன் முடிவுக்கு நீதிமன்றம் பெரிய மதிப்புக் கொடுக்கத் தேவையில்லை.

## நீதிமன்றம் எங்கே நிற்கிறது

1. 1950-களில் பஞ்சாப் வழக்கு ஒன்றில், தடம் பார்த்து அடையாளம் காண்பது இன்னும் தொடக்க நிலையில் இருக்கும் அறிவியல் என்றது உச்ச நீதிமன்றம். மற்றச் சூழ்நிலைச் சான்றுகளோடு சேர்த்துப் பார்க்கலாம். அதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது.

2. 1997-ல் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில் அதே கருத்து மீண்டும் வந்தது: வேறு சான்றுகளால் எட்டிய முடிவுக்கு வலுச் சேர்க்கவே தடம் பயன்படும். அந்த வழக்கில் கைரேகை இருந்த பொருளில் இடையில் யாரும் கைவைக்கவில்லை என்பது நிரூபிக்கப்படவில்லை, மாதிரி ரேகைகள் நடுவர் (மாஜிஸ்திரேட்) உத்தரவின்படி எடுக்கப்படவில்லை என்றும் நீதிமன்றம் குறை கண்டது.

3. 1961-ல் 11 நீதிபதிகள் அமர்வு, காலடி மாதிரி கொடுப்பது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வதாகாது என்று தீர்ப்பளித்தது. அதனால் "என் காலை அச்செடுக்கக்கூடாது" என்ற வாதம் அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவின்கீழ் நிற்காது.

2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் வந்து சான்று சேகரிக்க வேண்டும் என்கிறது. இதைப் படிப்படியாக நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் தரப்பட்டிருக்கிறது. 105-ஆம் பிரிவின்படி சோதனையையும் கைப்பற்றுதலையும் காணொளியாகப் பதிய வேண்டும். செருப்பு வழக்குகளுக்கு இந்த இரண்டாவது விதி பெரிய மாற்றம். ஏனென்றால் பழைய பலவீனம் அங்கேதான் இருந்தது: செருப்பு எங்கே, எப்போது, எந்த நிலையில் எடுக்கப்பட்டது என்பதற்கு மகசரில் (கைப்பற்றியதை எழுதிச் சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கும் தாளில்) கையெழுத்துப் போட்ட இரண்டு பேரின் நினைவு மட்டுமே சாட்சி.

## எல்லை தாண்டும் தடம்

சம்பவம் கேரளத்து உடும்பன்சோலையில், செருப்பு கிடைத்தது தமிழகத்துக் கம்பம் ஊரில் என்று வைத்துக்கொள்வோம். தடத்தின் வார்ப்பு ஒரு மாநிலக் காவல் நிலையத்தில் இருக்கும், செருப்பு இன்னொரு மாநிலத்து வீட்டில் கைப்பற்றப்பட்டிருக்கும். அந்த இடைவெளியில் இரண்டு சிக்கல்கள் வருகின்றன.

ஒன்று நாள். தடம் விழுந்து நாற்பது நாள் கழித்துச் செருப்பு கிடைத்து, அதுவரை அது காலில் இருந்திருந்தால், பழைய தழும்பு தேய்ந்திருக்கும், புதிது விழுந்திருக்கும், ஊக்கு கழன்று வேறு ஊக்கு வந்திருக்கும். வேறுபாடு இருந்தாலே வேறு செருப்பு என்றும் சொல்ல முடியாது. அறிக்கை அந்த வேறுபாட்டை விளக்கியாக வேண்டும். செருப்பை முத்திரையிட்ட தேதியும், அது ஆய்வுக்கூடம் போய்ச் சேர்ந்த தேதியும், வழியில் யார் கையில் இருந்தது என்பதும் கேட்கப்பட வேண்டியவை. வார்ப்பையும் செருப்பையும் ஒன்றாக ஒரே சாக்கில் கட்டி அனுப்பியிருந்தால், செருப்பில் ஒட்டியிருக்கும் மண்ணைப் பற்றிப் பேசவே கூடாது.

இன்னொன்று மொழி. பீர்மேடு, தேவிகுளம் பக்கம் வேலை பார்க்கும் தமிழருக்கு மலையாளம் பேசவும் புரியவும் வரும். பலருக்கு அதன் எழுத்து தெரியாது. மலையாளத்தில் எழுதிய மகசரில் "பிரதி காட்டிய இடத்தில் செருப்பு கிடைத்தது" என்று இருந்தால் (மலையாளத்தில் பிரதி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்), அந்த வரியின் எடையை உணராமலேயே கையெழுத்துப் போடுவார். வழக்கு நடக்கும்போது அவருடைய வழக்கறிஞர் முதலில் படிக்க வேண்டிய தாள் அதுதான்.

## அச்செடுத்த பிறகு அந்த அச்சு எங்கே போகும்

1920-ன் கைதிகள் அடையாளச் சட்டத்திலேயே காலடி அச்சு "அளவீடுகள்" பட்டியலில் இருந்தது. 2022-ல் வந்த குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் அந்தப் பட்டியலை விரித்து, பதிவுகளை தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 75 ஆண்டு வைத்திருக்கலாம் என்றது. காலடி அச்சு கொடுக்க மறுப்பது குற்றமாகக் கருதப்படும். காலணி இந்தப் பட்டியலில் இல்லை. அது பொருள், மகசர் போட்டுக் கைப்பற்றப்படுவது.

முன்பு தண்டனை பெறாத ஒருவர் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ, வழக்கிலிருந்து நீக்கப்பட்டாலோ, விடுதலையானாலோ, எல்லாச் சட்ட வழிகளும் முடிந்தபின் அவருடைய பதிவை அழிக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது; நடுவரோ நீதிமன்றமோ காரணம் எழுதி வேறு விதமாக உத்தரவிட்டால் மட்டும் விதிவிலக்கு. ஏலக்காய்த் திருட்டுச் சந்தேகத்தில் கால் அச்சு கொடுத்துவிட்டு, பிறகு விடுதலையான ஒரு தோட்டத் தொழிலாளி இதை அறிந்திருக்க வாய்ப்பு குறைவு. விடுதலைத் தீர்ப்பின் நகலோடு, பதிவு அழிக்கப்பட்டதா என்று எழுத்தில் கேட்டு வாங்கும் வேலையையும் வழக்கறிஞர் சேர்த்தே முடித்துக் கொடுக்க வேண்டும்.